பீட்டர் பேன் ஏன் வளர்வதில்லை

சொன்னபடி ஒரு வருஷம் கழித்துப் பீட்டர் பேன் சிறுமி வெண்டியைக் கூட்டிப்போக வருகிறான். அவள் அந்த நாளுக்காகவே காத்திருந்தவள். பழைய சாகசங்களைப் பற்றி அவனோடு விடிய விடியப் பேசலாம் என்று நினைத்திருந்தவள். கடற்கொள்ளையன் கேப்டன் ஹூக்கின் பேச்சை எடுக்கிறாள். "கேப்டன் ஹூக்கா, யார் அது?" என்கிறான் பீட்டர். நீதானே அவனைக் கொன்று எங்கள் எல்லோரையும் காப்பாற்றினாய், ஞாபகம் இல்லையா என்று திகைத்துப்போய்க் கேட்கிறாள். "கொன்ற பிறகு அவர்களை நான் மறந்துவிடுவேன்" என்கிறான் சர்வசாதாரணமாக. சரி, டிங்கர் பெல் என்னைப் பார்த்தால் சந்தோஷப்படுவாளா என்று கேட்டால், டிங்கர் பெல் யார் என்கிறான். அவனுக்கு வைத்த விஷத்தை, அவன் உயிரைக் காப்பாற்றுவதற்காகத் தானே எடுத்துக் குடித்த குட்டித் தேவதைதான் அந்த டிங்கர் பெல். வெண்டி எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவனுக்கு நினைவு வருவதில்லை. அந்த மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள், அவள் இப்போது உயிரோடு இருக்கமாட்டாள் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான்.

இந்தப் பக்கத்தை நான் முதன்முதலாகப் படித்தது பெரியவனான பிறகுதான். சிறுவயதில் என் கைக்கு வந்தது சுருக்கப் பதிப்பு. பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புவார்கள், கதை முடியும். 1953-இல் வந்த டிஸ்னி படமும் கிட்டத்தட்ட அங்கேதான் முடிகிறது. பறப்பது, கடற்கொள்ளையர், கையிருந்த இடத்தில் கொக்கி, வயிற்றுக்குள் கடிகாரம் டிக்டிக்கென்று அடிக்கும் முதலை, பீட்டர் பேன் என்றால் எனக்கு இவ்வளவுதான். வளர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பையன், கொடுத்துவைத்தவன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முழு நாவலையும் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: அவன் அடம்பிடிக்கவே இல்லை, அவனால் வளர முடியவில்லை. அதற்கான காரணத்தையும் ஜே. எம். பேரி மறைத்து வைக்கவில்லை, புத்தகத்தின் நடுவில் தெளிவாக எழுதியே வைத்திருக்கிறார். குழந்தையாக இருக்கும்போது அந்த வரிகளைக் கடந்து ஓடிவிடுகிறோம், கத்திச்சண்டை என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டுமே.

முதலில் கொஞ்சம் பின்னணி. பீட்டர் பேன் முதலில் தலைகாட்டியது 1902-இல் வந்த 'தி லிட்டில் ஒயிட் பேர்ட்' என்ற, பெரியவர்களுக்கான நாவலில். அப்புறம் 1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் நாடகமாக அரங்கேறினான். கேப்டன் ஹூக், வெண்டியின் அப்பா திரு. டார்லிங் என்ற இரண்டு வேடங்களையும் ஜெரால்ட் டு மாரியர் என்ற ஒரே நடிகர் செய்தார். இரண்டையும் ஒருவரே நடிப்பது இன்றுவரை மேடையில் வழக்கமாக இருக்கிறது. நாம் இப்போது நாவலாகப் படிப்பது 1911-இல் 'பீட்டர் அண்ட் வெண்டி' என்ற பெயரில் வந்தது. நாடகத்துக்கும் நாவலுக்கும் இடையில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் நடந்தவற்றைத் தெரிந்துகொண்டு படித்தால் புத்தகத்தின் கனம் கூடிவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாவலின் முதல் வரி பிரபலமானது: ஒரே ஒரு பிள்ளையைத் தவிர எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்துவிடுகிறார்கள். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து வருவதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. இரண்டு வயது வெண்டி தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறாள், ஒரு பூவைப் பறித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடுகிறாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்திருப்பாள் போலிருக்கிறது, அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, நீ எப்போதும் இப்படியே இருந்துவிடக் கூடாதா என்கிறாள். அவ்வளவுதான், தான் வளர்ந்தாக வேண்டும் என்பது வெண்டிக்குத் தெரிந்துபோகிறது. ஆக, வளரக் கூடாது என்ற ஆசை இந்தப் புத்தகத்தில் முதலில் எழுவது பிள்ளையின் மனதில் இல்லை, அம்மாவின் மனதில். தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இந்த வயசிலேயே நின்றுவிடக் கூடாதா என்று ஒரு தடவையாவது நினைக்காத பெற்றோர் இருக்கமாட்டார்கள். நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் பேரி மீதிப் புத்தகம் முழுக்கக் காட்டுகிறார்.

நின்றுவிட்ட அந்தப் பையன் எப்படிப்பட்டவன்? நெவர்லேண்ட் என்ற தீவில் அவனோடு இருக்கும் தொலைந்துபோன பிள்ளைகளின் எண்ணிக்கை அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்குமாம். சிலர் சண்டையில் கொல்லப்படுவார்கள். யாராவது வளர்வதுபோலத் தெரிந்தால், அது விதிக்கு விரோதம், பீட்டர் அவர்களைக் 'குறைத்துவிடுவான்'. பயிரைக் களைந்துவிடுகிற மாதிரி ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் பேரி அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார். கொல்கிறானா துரத்துகிறானா என்று விளக்கமே இல்லை. நிலத்தடி வீட்டுக்குள் இறங்க ஒவ்வொருவருக்கும் ஒரு மரப்பொந்து உண்டு, உடம்பு அதற்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பீட்டர் உங்களை ஏதோ செய்வான், பிறகு பொருந்திவிடுவீர்கள். இங்கேயும் அந்த 'ஏதோ' என்னவென்று சொல்வதில்லை. சாப்பாடு பல வேளை வெறும் பாவனைதான். பீட்டருக்குப் பாவனையும் நிஜமும் ஒன்று, பாவனைச் சாப்பாட்டிலேயே அவன் உடம்பு உருண்டுவருவதைக் கண்ணால் பார்க்கலாமாம். மற்ற பிள்ளைகளுக்குப் பசிக்கும். ஆனால் பாவனையை யாராவது கலைத்தால் விரல்முட்டியில் அடி விழும். பெரியவர்கள் மேல் கோபம் வந்தால் வேண்டுமென்றே மூச்சைச் சின்னச் சின்னதாக, வேகமாக விடுவான், நொடிக்கு ஐந்து வீதம். நீ விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பெரியவர் சாகிறார் என்று நெவர்லேண்டில் ஒரு சொலவடை இருக்கிறது, அதனால்.

இதையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் கொடுங்கோலன் மாதிரி தெரியும். ஆனால் அவனை வெறுக்க முடிவதில்லை. வன்மம் வைத்துக்கொள்ளவும் ஞாபகம் வேண்டுமே, அது அவனிடம் கிடையாது.

நெவர்லேண்டுக்குப் பறந்து போகும்போதே வெண்டிக்கு இது பிடிபட்டுவிடுகிறது. பீட்டர் அவர்களைவிட வேகமாகப் பறப்பான், திடீரென்று கண்ணுக்கெட்டாத தூரம் போய் ஏதோ சாகசம் செய்துவிட்டு வருவான், ஒரு நட்சத்திரத்திடம் பேசியதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வருவான், கிட்டே வருவதற்குள் என்ன பேசினான் என்பதே மறந்திருக்கும். சில நேரம் இந்தப் பிள்ளைகள் யார் என்பதும் மறந்துபோகும். இப்படியே கடந்து போய்விடப் பார்க்கிறான், அவன் கண்ணில் அடையாளம் தெரிந்த சாயலே இல்லை. நான் வெண்டி என்று அவள் பெயரைச் சொல்லி ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அவனுக்கு வருத்தமாகவும் இருக்கிறது. "நான் உன்னை மறப்பதுபோலத் தெரிந்தால் 'நான் வெண்டி, நான் வெண்டி' என்று சொல்லிக்கொண்டே இரு, ஞாபகம் வந்துவிடும்" என்று அவள் காதில் ரகசியமாகச் சொல்கிறான். எனக்கு இந்த இடம் ரொம்ப நேரம் மனதைவிட்டுப் போகவில்லை. ஞாபகம் தப்பிப்போன முதியவரோடு இருந்தவர்கள் இந்த வரியை எப்படிப் படிப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கதையின் வேகத்தில் ஒரு பிள்ளை இதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். கடற்கன்னிகளின் காயலில், பாறைமேல் ஹூக்கும் பீட்டரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். பீட்டர் நிற்கும் இடம் மேடாக இருக்கிறது. அப்படிச் சண்டை போடுவது நியாயமில்லை என்று எதிரி மேலே ஏறிவரக் கை கொடுக்கிறான். அந்தக் கையைத்தான் ஹூக் கடித்துவிடுகிறான். வலியைவிட அந்த அநியாயம்தான் பீட்டரை நிலைகுலைய வைக்கிறது, அப்படியே நின்றுவிடுகிறான். கதையை அங்கே நிறுத்திவிட்டுப் பேரி பேச ஆரம்பிக்கிறார். முதன்முதலாக அநியாயமாக நடத்தப்படும்போது எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் ஆகிவிடுவார்கள். நம்மிடம் வரும்போது நமக்கு நியாயம் கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையோடுதான் ஒரு பிள்ளை வருகிறது. அதற்கு அநியாயம் செய்தபிறகும் அது நம்மை நேசிக்கும், ஆனால் பழைய பிள்ளையாக இருக்காது. அந்த முதல் அநியாயத்திலிருந்து யாருமே மீள்வதில்லை, பீட்டரைத் தவிர. அவனுக்கு அநியாயம் அடிக்கடி நடந்தது, ஒவ்வொரு தடவையும் மறந்துபோனான். அவனுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுவே என்று பேரி தன் வாயாலேயே சொல்கிறார்.

வித்தியாசம் பறப்பதில் இல்லை, பால்பல் விழாமல் இருப்பதில் இல்லை, மறப்பதில் இருக்கிறது. வளர்வது என்றால் என்ன என்று ஒரு தத்துவ நூல் இதைவிட நன்றாக விளக்கியிருக்குமா, எனக்குத் தெரிந்து இல்லை. நம்மைப் பெரியவர்களாக்குவது வயது இல்லை, நடந்தது மனதில் தங்கிப்போவதுதான். பிள்ளையாக இருந்தபோது, செய்யாத தப்புக்கு நம்மை எல்லோர் முன்னாலும் திட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறதல்லவா? திட்டியவருக்கு அன்று சாயந்திரமே மறந்திருக்கும். நாம் அன்றைக்கு அரை அங்குலம் வளர்ந்தோம். பீட்டருக்கு அந்த அரை அங்குலம் ஏறுவதே இல்லை, அதனால்தான் அவன் எல்லா நாளும் முதல் நாள்போலப் புதிதாக எழுந்திருக்கிறான். அவனுடைய சந்தோஷத்துக்கும் அவனுடைய தனிமைக்கும் காரணம் ஒன்றேதான்.

இந்த மறதி தொற்றிக்கொள்ளவும் செய்கிறது. நெவர்லேண்டில் சில நாள் இருந்ததும் வெண்டியின் தம்பி ஜானுக்கு அப்பா அம்மா யாரோ முன்பு தெரிந்தவர்கள்போல மங்கலாகிவிடுகிறார்கள். சின்னவன் மைக்கேல், வெண்டிதான் தன் அம்மா என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறான். வெண்டிக்குப் பயம் வந்து ஒரு வேலை செய்கிறாள், பள்ளிக்கூடத்தில் மாதிரி பரீட்சை வைக்கிறாள். சிலேட்டில் கேள்வி எழுதிச் சுற்றுக்கு விடுகிறாள். அம்மாவின் கண்கள் என்ன நிறமாக இருந்தன? அப்பா, அம்மா இருவரில் யார் உயரமாக இருந்தார்கள்? அம்மாவின் சிரிப்பை வர்ணிக்கவும். அம்மாவின் விருந்து உடையை வர்ணிக்கவும். நாய்க்கூண்டையும் அதில் இருந்தவரையும் வர்ணிக்கவும். பதில் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட வேண்டும். ஜான்கூட எத்தனை பெருக்கல் குறி போட்டான் என்று பார்த்தால் மனது கனத்துப்போகும் என்கிறார் பேரி. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியவன் ஸ்லைட்லி என்ற பையன் ஒருவன்தான், எழுதியதெல்லாம் உளறல், கடைசி இடம் அவனுக்கு. இதுவரை சிரித்துக்கொண்டே படிக்கலாம். அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: கேள்விகளெல்லாம் இறந்த காலத்தில் இருந்ததைக் கவனித்தீர்களா? அம்மாவின் கண்கள் என்ன நிறம் என்று வெண்டி கேட்கவில்லை, என்ன நிறமாக இருந்தன என்றுதான் கேட்டிருக்கிறாள். மறக்காமல் இருக்கப் பரீட்சை வைத்தவளும் மறந்துகொண்டுதான் இருந்தாள். ஒரு வினைமுற்றின் காலத்தை வைத்து இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்ன வேறொரு பக்கம் குழந்தை இலக்கியத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

இங்கே பேரியின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். அவர் 1860-இல் ஸ்காட்லாந்தின் கிரிமியூர் என்ற ஊரில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தார், பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவது. அம்மாவின் செல்லப்பிள்ளை அண்ணன் டேவிட். 1867 ஜனவரியில், 14 வயது நிறைவதற்குச் சற்று முன், பனிச்சறுக்கு விளையாட்டில் நடந்த விபத்தில் அவன் இறந்துபோனான். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். உனக்கு இன்னொரு பையன் இருக்கிறான் என்று அம்மாவிடம் போய்ச் சொல் என்று அக்கா தம்பியை அனுப்புகிறாள். ஆறு வயதுப் பையன் இருட்டறைக்குள் போய் நிற்கிறான். கட்டிலிலிருந்து, யாரது, நீயா என்று குரல் வருகிறது. அந்த 'நீ' தான் இல்லை, செத்துப்போன அண்ணன் என்று அவனுக்குப் புரிகிறது. "இல்லை, அவன் இல்லை. நான் மட்டும்தான்" என்கிறான். அம்மாவைப் பற்றி 1896-இல் எழுதிய 'மார்கரெட் ஓகில்வி' என்ற நூலில் பேரி தானே இதைச் சொல்லியிருக்கிறார். பிறகு அண்ணனைப்போல விசிலடிக்கப் பழகியதையும், அண்ணன் உடையைப் போட்டுக்கொண்டு, அவனைப்போலக் கால்களை அகட்டி, பாக்கெட்டில் கைவிட்டு அம்மா முன் போய் நின்றதையும் எழுதியிருக்கிறார். டேவிட் அந்த வீட்டில் என்றைக்கும் 13 வயதுப் பையனாகவே இருந்துவிட்டான். தம்பி வளர்ந்துகொண்டே போனான்.

இதைப் படித்தபிறகு நாவலில் பீட்டர் தன் கதையைச் சொல்லும் இடத்துக்குத் திரும்பிப் போனேன். அம்மாக்கள் எப்போதும் ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பார்கள் என்று வெண்டி மற்ற பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பீட்டர் குறுக்கே புகுந்து, நானும் அப்படித்தான் நினைத்தேன் என்கிறான். ரொம்ப நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பிப் பறந்து போனால் ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது, அம்மா என்னை மறந்துவிட்டாள், என் கட்டிலில் வேறொரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். இது நிஜமா என்று தனக்கு உறுதியில்லை, பீட்டர் நிஜம் என்று நினைத்தான் என்று பேரி சேர்த்துக்கொள்கிறார். எல்லாவற்றையும் மறக்கிற பையன் இந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை! அதுவும் உண்மையா என்று தெரியாத ஒன்றை. அவனுக்கு அபூர்வமாகக் கனவு வரும், மற்ற பிள்ளைகளின் கனவைவிட வலி மிகுந்தது, மணிக்கணக்கில் தூக்கத்திலேயே அழுவான். வெண்டி அவனை எடுத்து மடியில் வைத்துத் தேற்றி, முழுசாக விழிப்பதற்குள் திரும்பப் படுக்க வைத்துவிடுவாள், தான் அழுதது அவனுக்குத் தெரியக் கூடாது என்று. ஹூக்கைக் கொன்ற இரவும் அந்தக் கனவு வருகிறது. கொன்றதை மறந்துவிடுவான், ஆனால் எங்கேயோ அது இறங்கியிருக்கிறது. இன்னொன்று, அதற்குப் பிறகு அவன் ஹூக்கின் உடைகளை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு, அவனுடைய சுருட்டுப்பிடியை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு விரலை மட்டும் கொக்கிபோல மடக்கித் தூக்கிக்கொண்டு கப்பல் அறையில் உட்கார்ந்திருக்கிறான். வளர்ந்தால் யாராக ஆகியிருப்பான் என்பதற்கு இதைவிடப் பெரிய குறிப்பு வேண்டியதில்லை.

நாவல் வெளிவந்த காலத்துக்கும் வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா. 1897-இல் லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் பேரிக்கு லூவெலின் டேவிஸ் குடும்பத்துப் பிள்ளைகளோடு பழக்கம் ஏற்பட்டது. ஜார்ஜ், ஜாக், பீட்டர், பிறகு பிறந்த மைக்கேல், நிக்கோ என்று ஐந்து பையன்கள். அவர்களுக்குச் சொன்ன கதைகளிலிருந்துதான் இது வளர்ந்தது, உங்கள் ஐந்து பேரையும் ஒன்றோடொன்று உரசித்தான் பீட்டரை உண்டாக்கினேன் என்று பின்னாளில் நாடக நூலின் சமர்ப்பணத்தில் எழுதினார். நாடகம் அரங்கேறியபோது அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருவரும் இருந்தார்கள். 1907-இல் அப்பா ஆர்தர் இறந்தார், 1910-இல் அம்மா சில்வியா இறந்தார். நாவல் வந்த 1911-இல் அந்த ஐந்து பேருக்கும் பேரிதான் பாதுகாவலர். அம்மாவின் கண்கள் என்ன நிறமாக இருந்தன என்ற கேள்வி அச்சில் வந்தபோது அதைப் படிக்கும் வயதில் அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவர் ஜார்ஜ் 1915-இல் முதல் உலகப் போரில் இறந்தார், மைக்கேல் 1921-இல் ஆக்ஸ்ஃபர்டு அருகே நீரில் மூழ்கி இறந்தார். அதற்கடுத்த வருஷம் தன் குறிப்பேட்டில் பேரி எழுதிவைத்தார், பீட்டர் பேனின் உண்மையான அர்த்தம் தனக்கே இத்தனை காலம் கழித்துத்தான் புரிகிறது என்று: வளர வேண்டும் என்று உயிரைக் கொடுத்து முயல்கிறான், முடியவில்லை. நாடகத்தின் துணைத்தலைப்பு 'வளர மறுத்த சிறுவன்'. எழுதியவருக்கே தன் தலைப்பு தப்பு என்று தோன்ற 18 வருஷம் ஆகியிருக்கிறது.

இன்று படிக்கும்போது உறுத்தும் பகுதிகளையும் சொல்லாமல் விடக் கூடாது. நெவர்லேண்டில் வரும் பூர்வகுடி அமெரிக்கர்களைப் பேரி கையாளும் விதம் மோசம். அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயரே கறுப்பினக் குழந்தைகளை இழிவுபடுத்தும் வசைச்சொல். அவர்கள் கொச்சைமொழி பேசுகிறார்கள், பீட்டரை 'பெரிய வெள்ளைத் தந்தை' என்று கூப்பிட்டு அவன் காலில் விழுகிறார்கள். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. மனிதர்களின் மனதை இவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண் அங்கே மட்டும் மூடிக்கொண்டது வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுபவர்கள் அந்த இடத்தில் நிறுத்தி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவது நல்லது. வெண்டிக்கு நெவர்லேண்டிலும் காலுறை தைப்பதுதான் வேலை என்பதும் எரிச்சலைத் தருகிறது. ஆனால் அவள் எதை விட்டுக்கொடுத்து அம்மா ஆகிறாள் என்பதை நாவல் அறிந்தே எழுதுகிறது என்பதால் அதை வேறு மாதிரிதான் படிக்கிறேன்.

சிறுவயதில் கண்ணில் படாத இன்னும் இருவர், திரு. டார்லிங்கும் திருமதி டார்லிங்கும். வெண்டி பிறந்ததும் அப்பா, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார், பிள்ளையை வளர்க்கக் கட்டுப்படியாகுமா என்று. கைவசம் ஒரு பவுண்டு பதினேழு ஷில்லிங், பொன்னுக்கு வீங்கிக்கு ஒரு பவுண்டு, தட்டம்மைக்கு இவ்வளவு, கக்குவான் இருமலுக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போகிறார், நடுவில் அம்மா ஏதாவது சொன்னால் மறுபடி முதலிலிருந்து. அன்று கோமாளியாகத் தெரிந்தவர், இன்று பணம் போதாதோ என்று நடுங்கும் ஒரு சாதாரண அப்பாவாகத் தெரிகிறார். திருமதி டார்லிங்கைப் பற்றிக் கதைசொல்லி மாற்றி மாற்றிப் பேசுவார், ஒரு இடத்தில் அவளை அற்பமாகப் பார்க்கிறேன் என்பார். பிள்ளைகள் திரும்பும் அத்தியாயத்தில், சிலருக்குப் பீட்டரைப் பிடிக்கும், சிலருக்கு வெண்டியைப் பிடிக்கும், எனக்கு இவளைத்தான் பிடிக்கும் என்று அவரே இறங்கி வந்துவிடுவார்.

அந்த அத்தியாயத்தில் ஒரு காட்சி. பிள்ளைகளுக்கு முன்னால் பீட்டர் பறந்து வந்து ஜன்னலை உள்பக்கம் தாழிட்டுவிடுகிறான். வெண்டி வந்து பார்த்து, அம்மா நம்மைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துத் தன்னோடு திரும்பி வந்துவிட வேண்டும், அதுதான் திட்டம். தனக்கு நடந்ததாக நம்புவதையே இன்னொரு பிள்ளைக்குச் செய்யப் பார்க்கிறான். அப்போது எட்டிப் பார்த்தால் பியானோ முன் உட்கார்ந்திருக்கும் திருமதி டார்லிங்கின் கண்ணில் இரண்டு துளி. அவளுக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும். திறக்கமாட்டேன் என்கிறான், உள்ளுக்குள். மறுபடி பார்க்கிறான், அந்தத் துளிகள் அப்படியே இருக்கின்றன, அல்லது வேறு இரண்டு வந்திருக்கின்றன. எனக்கும் வெண்டியைப் பிடிக்கும், நம் இரண்டு பேருக்கும் அவள் கிடைக்கமாட்டாளே அம்மா என்கிறான். அறைக்குள் துள்ளிக் குதித்து, வேடிக்கை காட்டி, அந்த முகத்தை மறக்கப் பார்க்கிறான். மற்ற எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் மறதி அன்றைக்குக் கைகொடுக்கவில்லை. கடைசியில் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, எந்த அசட்டு அம்மாவும் நமக்கு வேண்டாம் வா என்று டிங்கர் பெல்லைக் கூட்டிக்கொண்டு பறந்துவிடுகிறான். நாவலில் அவன் ஒரு பெரிய மனுஷனைப்போல நடந்துகொள்வது இந்த ஒரு இடத்தில்தான்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு வாரம், வசந்தத்தில், அவன் வீட்டைச் சுத்தம் செய்து கொடுக்க வெண்டியை அனுப்புவதாகத் திருமதி டார்லிங் ஒத்துக்கொள்கிறாள். முதல் வருஷம் வந்தான். இரண்டாம் வருஷம் வரவில்லை. மூன்றாம் வருஷம் வந்தான், ஒரு வருஷம் தவறியதே அவனுக்குத் தெரியாது. பிறகு பல வருஷம் வரவேயில்லை. பையன்களெல்லாம் வளர்ந்துவிட்டார்கள், சிலர் கைப்பையும் குடையுமாக அலுவலகம் போகிறார்கள். தன் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் தெரியாத தாடிக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் ஒரு காலத்து ஜான் என்கிறார் பேரி. திருமதி டார்லிங் இறந்துவிட்டாள், மறக்கப்பட்டும் விட்டாள் என்று அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஒரு இரவு வெண்டி கணப்படுப்பு வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருக்கிறாள், கட்டிலில் அவள் மகள் ஜேன் தூங்குகிறாள். ஜன்னல் திறக்கிறது, பீட்டர் குதிக்கிறான். அதே பையன், அதே பால்பற்கள். அவள் இப்போது பெரிய பெண். அசையப் பயந்து, குற்றம் செய்தவளைப்போல, தன்னை எவ்வளவு சின்னதாக ஒடுக்கிக்கொள்ள முடியுமோ அவ்வளவு ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் எதையும் கவனிக்கவில்லை. ஜான் எங்கே என்கிறான், இங்கே இல்லை என்கிறாள். கட்டிலில் தூங்குவது மைக்கேலா என்கிறான். வா, சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டதே என்கிறான். எனக்குப் பறக்க மறந்துவிட்டது பீட்டர் என்கிறாள். எல்லாவற்றையும் மறக்கிறவன் முன்னால் இவள் மறந்தது அது ஒன்றுதான். விளக்கைப் பெரிதாக்குகிறேன், நீயே பார் என்று எழுந்திருக்கிறாள். அப்போது, அவன் வாழ்க்கையிலேயே அபூர்வமாக, பீட்டருக்குப் பயம் வருகிறது. விளக்கைத் தூண்டாதே என்று கத்துகிறான். அவள் அவன் தலைமுடியைக் கோதிவிட்டுப் பிறகு தூண்டுகிறாள். வளரமாட்டேன் என்று சொன்னாயே என்கிறான் பீட்டர். என்னால் முடியவில்லை என்கிறாள். தரையில் உட்கார்ந்து தேம்பி அழுகிறான். ஒரு காலத்தில் அவனை மடியில் போட்டுத் தேற்றியவளுக்கு இப்போது தேற்றத் தெரியவில்லை, அறையைவிட்டு வெளியே ஓடிவிடுகிறாள். அழுகைச் சத்தம் கேட்டு ஜேன் எழுந்து உட்கார்ந்து, "பையா, ஏன் அழுகிறாய்?" என்று கேட்கிறாள், பல வருஷத்துக்கு முன் வெண்டி கேட்ட அதே கேள்வி.

பிறகு ஜேன் அவனோடு பறந்து போகிறாள், அவளுக்குப் பிறகு அவள் மகள் மார்கரெட் போவாள், பிள்ளைகள் குதூகலமாகவும் கள்ளமில்லாமலும் 'ஹார்ட்லெஸ்' ஆகவும் இருக்கும்வரை இது நடந்துகொண்டே இருக்கும் என்று நாவல் முடிகிறது. அந்தக் கடைசிச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் நிறைய யோசித்தேன். இதயமற்ற என்றால் பாடப்புத்தகம்போல இருக்கிறது. கல்நெஞ்சு என்றால் கெட்டவன் ஆகிவிடுகிறான், ஈவிரக்கம் இல்லாத என்றால் அதைவிட மோசம். பீட்டர் அப்படி இல்லை, அவன் முன்னால் வைத்த இரண்டு துளிக் கண்ணீருக்கு ஜன்னலைத் திறந்துவிட்டவன் அவன். யோசித்து யோசித்து நான் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்திருப்பது, 'மனசில் எதுவும் ஒட்டாத'.